கிணற்றிலிருந்து இருபத்திரண்டடி

புதிதாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களாகப் பதிந்துகொண்ட உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டார். ஓர் இடத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது எந்தத் தொடரை எங்கே போடுவது என்று எழுதித் தந்தால் மனப்பாடம் செய்துவிடலாம் என்றார். முன்னால், பின்னால், எதிரே, பக்கத்தில், ஓரத்தில், மூலையில் என்று எல்லாவற்றுக்கும் வேண்டுமாம். என்னுடைய அனுபவம் முழுவதையும் அந்த ஒரு தாளில் வாங்கிவிடலாம் என்று நினைத்தார் போலும்.

அப்படியொரு பட்டியல் என்னிடம் இருந்தது. ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையில் நான் தொழில் செய்த காலத்தில், நீல மட்டை போட்ட கொப்பி ஒன்றில் நாற்பது பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். ஒரு கட்டடத்தின் முன்பக்கத்தில் உள்ளேயே இருப்பதற்கு ஒரு தொடர், அதற்கு வெளியே முன்னால் நிற்பதற்கு இன்னொரு தொடர், தெருவுக்கு மறுபுறம் இருப்பதற்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் உதாரண வாக்கியம், சிவப்பு மையில் அடிக்கோடு. அந்தக் கொப்பியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. தீவுப் பகுதி முழுவதிலும் ஆங்கிலத்தில் ஒரு கதிரையை அதன் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்காகப் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், சத்தியக் கடதாசி என்று சனம் வந்துகொண்டே இருந்த காலம். ஒரு நாள் காலை நாரந்தனையிலிருந்து யோகேஸ்வரி என்ற பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையில் ஒரு குழந்தை. அவளுடைய கணவர் நவரத்தினம் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் தஞ்சம் கேட்டு மனுப்போட்டிருந்தார். தன்னைத் தேடி வீட்டுக்கு ஆயுதத்தோடு ஆட்கள் வந்தார்கள், தப்பியோடினேன் என்பதுதான் அவர் மனுவின் முழுச் சாரம். அதைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி மனைவி. அவளுடைய வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் அனுப்பும்படி அவருடைய வழக்கறிஞர் எழுதியிருந்தார். மனு வென்றால் அவளும் குழந்தையும் போய்ச் சேரலாம். தோற்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஆறுதலாச் சொல்லும்" என்றேன்.

"மத்தியானம், அண்ணை. அவருக்குச் சோறு போட்டுட்டுக் குசினிக்குள்ளை நிண்டனான். படலையடியிலை சத்தம் கேட்டுது. துவக்கோடை ஆக்கள் வந்திட்டினம். இவர் கை கழுவவும் இல்லை. எழும்பி மாட்டடியாலை போய் வேலி பாய்ஞ்சு பனங்காணிக்குள்ளை இறங்கிட்டார். நான் குசினி யன்னலுக்காலை பாத்துக்கொண்டு நிண்டனான்."

அந்த வாக்குமூலம் அப்படியே நிறைவானது. அதில் ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆனால் நான் கொப்பிக்காரன் அல்லவா? மாட்டடி என்றால் அந்த நாட்டு அதிகாரிக்கு என்ன விளங்கும் என்று யோசித்தேன்.

"மாட்டடி எங்கை இருக்கு?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வளவுக்கைதான்."

"அது சரி. வீட்டுக்கு முன்னுக்கோ, பின்னுக்கோ?"

கொஞ்சம் யோசித்தாள். "முன்னுக்கு."

"அப்ப துவக்கோடை வந்தவை?"

"அவை பின்பக்கத்தாலை வந்தவை."

துவக்கோடு வருகிறவர்கள் பின்பக்கத்தால் வருவது எனக்கு இயல்பாகவே பட்டது. கொப்பியைப் புரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆட்கள் வீட்டின் பின்புறத்தால் வந்தார்கள், கணவர் வீட்டின் முன்புறமாக, மாட்டுக்கொட்டிலைக் கடந்து ஓடினார் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். என் அறையில் தட்டெழுத்து வேலை பார்த்த பெண் அதை அடித்தார். அவரை எல்லாரும் மிஸ் என்றே கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது குறைவு, என்னைவிடப் பத்து மடங்கு கவனம். நான் வாசித்துக் காட்ட யோகேஸ்வரி தலையாட்டிக் கையெழுத்து வைத்தாள். அவளைச் சந்தோஷமாக அனுப்பிவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

நாலு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது கூட அவளுடைய அம்மானும் வந்திருந்தார். தாயின் தமையன், கொழும்பில் கடை வைத்திருந்து எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அதை விட்டுவிட்டு ஊரோடு வந்தவர். அவர் நீட்டிய வழக்கறிஞரின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கணவர் அங்கே கொடுத்த வாக்குமூலத்தில், ஆட்கள் வீட்டின் முன்புறத்தால் வந்தார்கள், தான் பின்புறமாக மாட்டுக்கொட்டிலைக் கடந்து ஓடினேன் என்று சொல்லியிருக்கிறார். மனைவி சொன்னது நேர் எதிர். ஒரே வீடு, ஒரே மத்தியானம், ஒரே மாட்டுக்கொட்டில். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார், அல்லது இருவருமே சொல்கிறார்கள் என்று அதிகாரி குறித்திருக்கிறார். விளக்கம் தரக் கொடுத்த தவணையில் பாதி கடிதம் வந்து சேரவே போய்விட்டது. பதில் போய்ச் சேரும் நாட்களையும் கழித்தால் எங்களுக்கு மிஞ்சியது மூன்று நாள்.

"நான் பொய் சொல்லேல்லை அண்ணை" என்றாள் யோகேஸ்வரி. "அவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்." குழந்தை அவளுடைய தோளில் நித்திரை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மானுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "தம்பி, ரண்டு சொல்லுத்தானே. முன்னுக்கு எண்டதைப் பின்னுக்கு எண்டு மாத்தி அடிச்சுவிடும். பிள்ளை பதட்டத்திலை மாறிச் சொல்லிப்போட்டுது எண்டு ஒரு வரி போடும். முடிஞ்சுது."

"அது ஏலாது" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, ஏன் ஏலாது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது. அவள் மாறிச் சொன்னாள் என்று எழுதினால், அவள் கண்ட மற்றதெல்லாம் மாறிக் கண்டதாகிவிடும். துவக்கு, வேலி, பனங்காணி எதையும் பிறகு நம்பமாட்டார்கள். சரி, நான் பிழையாக மொழிபெயர்த்தேன் என்று எழுதலாமா? அவளைக் காப்பாற்ற அது ஒரு நல்ல வழி. ஆனால் அதுவும் பொய். அவள் முன்னுக்கு என்று சொன்னாள், நானும் முன்னுக்கு என்றுதான் போட்டேன். என் சொற்களில் பிழை தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. சொற்கள் எல்லாம் சரியாக இருந்தன, ஒரு மனிதன் மட்டும் விமானம் ஏற்றப்படப் போகிறான்.

அம்மானுக்குக் கோபம் வந்தது. "உம்மடை ஒழுங்கு உமக்குப் பெரிசு. அவன் அங்கை கிடந்து சாகிறான்" என்றார்.

அப்போதுதான் மிஸ் தட்டெழுத்து இயந்திரத்துக்கு மேலால் தலையை நிமிர்த்தினார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர்.

"அந்தப் பிள்ளை முன்னுக்கு எண்டு சொல்லேல்லை" என்றார்.

"சொன்னது மிஸ். நீங்கள்தானே அடிச்சனீங்கள்."

"நீங்கள் கேட்டாப் பிறகுதான் சொன்னது. முதல் மாட்டடி எண்டுதான் சொன்னது. முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு கேட்டது நீங்கள்."

இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாரே என்ற கோபம்தான் முதலில் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது உண்மை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நீங்கள் அநேகமாக நகரத்தில் வளர்ந்தவர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் தீவுகளில் வீட்டைச் சுற்றிய வளவுக்குள் இருக்கும் ஒரு பொருளை வீட்டுக்கு முன்னால், பின்னால் என்று சொல்வது குறைவு. கிணற்றடி, மாட்டடி, வேம்படி, படலையடி என்று பொருளின் பெயரோடேயே இடம் வந்துவிடும். போதாவிட்டால் கிழக்காலை, மேற்காலை என்று திசை வரும். வருடக்கணக்காகக் காணி உறுதிகளை மொழிபெயர்த்தவன் நான். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய காணி என்று ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். ஓர் உறுதியிலாவது முன்னால், பின்னால் என்று கண்டதில்லை. அதை எல்லாம் மறந்து, அவளுடைய வாயில் இல்லாத ஒரு கேள்வியை நான் அவளுக்குக் கொடுத்தேன். அவளும் பாவம், மரியாதைக்குப் பதில் சொன்னாள். அங்கே அவளுடைய கணவரின் மொழிபெயர்ப்பாளரும் இதையேதான் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை வெள்ளாப்பில் சைக்கிளில் நாரந்தனைக்குப் போனேன். போகும் வழியில் தெரிந்த தையற்காரர் ஒருவரை எழுப்பி அவருடைய அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டேன். நில அளவைச் சங்கிலிக்கு நான் எங்கே போவது?

ரோட்டிலிருந்து படலையைத் திறந்து உள்ளே போனேன். விறாந்தை, அதன் ஓரத்தில் சைக்கிள் சாத்துகிற இடம், இரண்டு கதிரை. பார்த்த எவரும் இதுதான் வீட்டின் முன்பக்கம் என்பார்கள். மாட்டுக்கொட்டில் கண்ணில் படவே இல்லை. யோகேஸ்வரி வெளியே வந்து, "ஏன் அண்ணை பின்வளவிலை நிக்கிறியள், உள்ளை வாங்கோ" என்றாள்.

"இது பின்வளவோ? அப்ப முன்பக்கம் எது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள்ளால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மற்றப் பக்கக் கதவைத் திறந்தாள். கிழக்கே பார்த்த தலைவாசல். நிலைக்கு மேலே பிள்ளையார், மாவிலை காய்ந்தபடி தொங்கியது. இரண்டு படி இறங்கினால் காலையில் தெளித்த தண்ணீர் இன்னும் ஈரம். அதற்கப்பால் பன்னிரண்டு அடியில் ஒரு மதில், நேராக முகத்தில் இடிப்பது மாதிரி. வடக்கு மூலையில் மாட்டுக்கொட்டில், அதையொட்டிக் கிடுகு வேலி, வேலிக்கு அங்கால் பனங்காணி.

கதை இதுதான். வீடு அவளுடைய தாயின் சீதனம். தாய் வளவை இரண்டாகப் பிரித்து, வீடிருந்த மேற்குப் பாதியை யோகேஸ்வரிக்கும், வெறுங்காணியான கிழக்குப் பாதியைத் தங்கைக்கும் எழுதினார். நடுவில் மதில் எழும்பியது. பழைய ஒழுங்கையும் பழைய படலையும் தங்கையின் பக்கம் போய்விட்டன. அதனால் அக்காவின் வீட்டுக்கு மேற்கே, ரோட்டுப் பக்கம், புதுப் படலை வைத்தார்கள். நவரத்தினம் மாப்பிள்ளையாக வந்தது அதற்குப் பிறகு. வேலணையிலிருந்து வந்தவர், மாலையோடு இறங்கிய நாள் முதல் மேற்குப் படலையால்தான் வந்து போனார். அவருக்கு முன்பக்கம் அதுதான். அவள் அந்த வீட்டில் பிறந்தவள். பொங்கலுக்குக் கும்பம் வைப்பது எந்த வாசலிலோ அதுதான் அவளுக்கு முன்பக்கம், அதற்கு முன்னால் ஒரு மதில் என்ன, மலையே வந்து நின்றாலும் சரி. ஐந்து வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியும் இருவருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. மாட்டடி, படலையடி என்றே பேசியதால் தெரியவேண்டிய தேவையும் வரவில்லை.

இரண்டு சகோதரிகளுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு இருந்தது. மதில் இரண்டு பக்கமும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்றது. வளவைப் பிரித்தபோதும் மாறாமல் நின்றது அது ஒன்றுதான் என்று பட்டதால் அதிலிருந்தே அளந்தேன். யோகேஸ்வரி நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தாள். ஐந்தடி நாடாவை நிலத்தில் கல் வைத்துக் கல் வைத்து நகர்த்தியதில் என் வேட்டி முழுக்கப் புழுதி. கிணற்றுக்கட்டின் நடுவிலிருந்து தலைவாசற் படிக்கு வடமேற்கே இருபத்திரண்டடி. அங்கிருந்து மாட்டுக்கொட்டில், குசினி யன்னல், வேலி, மேற்குப் படலை. எல்லாவற்றையும் ஒரு தாளில் கீறித் திசை போட்டேன்.

அன்று பின்னேரம் மிஸ் அடித்த கடதாசியில் முன்னால், பின்னால் என்ற தொடர்கள் ஒரே ஓரிடத்தில்தான் வந்தன. சாட்சி அந்தச் சொற்களைத் தானாகச் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளராகிய நான் எனக்குரியதல்லாத ஒரு கேள்வியைக் கேட்டு அவற்றை வரவழைத்தேன் என்று சத்தியம் செய்து எழுதிய இடத்தில். மற்றதெல்லாம் கிழக்கு, மேற்கு, வடக்கு, அடிக்கணக்கு.

அத்தாட்சிப்படுத்திய சமாதான நீதவான் இளைப்பாறிய ஓர் அதிபர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதிலை நீர் உம்மை நீரே வெட்டியிருக்கிறீர். இனி உம்மடை பழைய கடதாசி எல்லாத்தையும் சந்தேகப்படுவினம். யோசிச்சனீரோ?"

"ஓம் ஐயா." யோசித்தேன்தான். இரவு முழுக்க வேறொன்றும் யோசிக்கவில்லை. தொழில் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

அவர் கையெழுத்து வைத்தார். சொன்னபடியே நடக்கவும் செய்தது. விஷயம் ஊரில் பரவி, பல மாதங்களுக்கு என் அறைக்கு வருகிற சனம் பாதியாய்க் குறைந்தது. சாட்சியிடம் கேள்வி கேட்டு எழுதுகிறவன் என்று வாதாட வந்த ஓர் அப்புக்காத்து நீதிமன்றத்தில் வைத்தே என்னைக் குத்திச் சொன்னார். சொல்லட்டும் என்றிருந்தேன். மிஸ்ஸுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் அதைக் கேட்காமலே வழக்கம்போல வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மனு ஏற்கப்பட்டது. நவரத்தினத்திடமும் அங்கே யாரோ அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள் என்று வழக்கறிஞர் எழுதினார். யோகேஸ்வரி குழந்தையோடு போக முன்னர் வந்து சொல்லிவிட்டுப் போனாள். தலைவாசலைப் பூட்டித் திறப்பைத் தங்கையிடம் கொடுத்ததாகச் சொன்னாள்.

தொண்ணூறில் சண்டையால் நாங்கள் எல்லாரும் தீவை விட்டு வெளியேறினோம். நான் ஒரு பையோடு வெளிக்கிட்டவன், நீலக் கொப்பி அறையிலேயே போயிற்று. அதைத் திருப்பி எழுத எனக்கு ஆசை வரவே இல்லை. பட்டியல் கேட்டவருக்கு என்னுடைய பதில் அதுதான்.

தொண்ணூற்றைந்தில், கொழும்பில் நான் இருந்த விலாசத்தைத் தேடிப்பிடித்து யோகேஸ்வரி ஒரு கடிதம் போட்டாள். தங்கை நாரந்தனைக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அக்காவின் வீட்டில் ஓடு, கதவு, யன்னல் ஒன்றும் இல்லை. சுவர்கள் விழுந்து, மதிலும் விழுந்து, வளவு முழுக்க உடைமரமும் நாயுண்ணிப் பற்றையும். தங்கைக்கு ஒரு கொட்டில் போட வேண்டும், ஆனால் அக்கா வீட்டு நிலத்தில் கை வைத்துவிடக்கூடாது. எங்கே எது இருந்தது என்று அவளுக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை. உறுதியை எடுத்துப் பார்த்தால் அக்கா காணியின் கிழக்கெல்லை தங்கை காணி, தங்கை காணியின் மேற்கெல்லை அக்கா காணி. இப்படி எல்லைகளை எழுதியும் மொழிபெயர்த்தும் வைத்த மகான்களில் நானும் ஒருவன்தானே.

அப்போது யோகேஸ்வரிக்குத் தன் வழக்குக் கடதாசிகளுக்குள் இருந்த அந்தத் தாள் ஞாபகம் வந்திருக்கிறது. அதைப் படியெடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாள். வளவில் மிஞ்சி நின்றது கிணறு ஒன்றுதான்.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்: "தங்கச்சி கிணத்துக்கட்டிலை இருந்து வடமேற்கை இருபத்திரண்டடி அளந்து முள்ளு வெட்டினவளாம். எங்கடை தலைவாசல் படி மண்ணுக்குள்ளை கிடந்ததாம் அண்ணை. ரண்டு படியும் உடையேல்லை. கிழக்கைப் பாத்துத்தான் இறங்குதாம். அப்ப நான் முன்னுக்கு எண்டு சொன்னது சரிதானே?"

அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடிக்கப் போனேன். பிறகுதான் தாளின் அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருப்பதைக் கண்டேன். நவரத்தினம் எழுதியிருந்தார்: "படலை மேற்காலைதான் இருந்தது. அதையும் ஒருக்கா எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ."

எழுதி வைத்திருக்கிறேன்.